இடையில் நிற்கவில்லை எனக் கொள்க

காலை ஆறுக்கு மட்டக்களப்பிலிருந்து என் பஸ்.
அதே ஆறுக்குக் கல்முனையிலிருந்து அஸ்மீருடையது.
இடையே நாற்பது கிலோமீற்றர், ஒரே வீதி.
எங்களுடையது கிழடு, மணிக்கு நாற்பது.
அவனுடையது அறுபது, பொலிஸ் நிற்காத இடங்களில்.

இரண்டு பேரும் கொண்டக்டர்.
இரண்டு பேருக்கும் கணிதம் மட்டும் பாக்கி.
சாதாரண தரம் எழுதிப் பதினோரு வருஷம் கழித்து
டிப்போவில் அந்த ஒரு பாடத்தைக் கேட்கிறார்கள்.
கொப்பி ஒன்றுதான். நான் கணக்குப் போட்டுக் கொடுப்பேன்,
அவன் திருத்தி மறுநாள் தருவான்.
பஸ்கள் உரசுகிற மாதிரி வந்து
மிதிபலகையிலிருந்து கை நீளும்
பத்துச் செக்கன்.
பின்னால் ஹோர்ன்.

முதல் கணக்கே அதுதான்: எங்கே சந்திப்போம்?
மட்டக்களப்பிலிருந்து x கிலோமீற்றர் என்க.
x ஐ நாற்பதால் வகுத்தால் என் நேரம்.
நாற்பதில் x போக மிச்சத்தை அறுபதால் வகுத்தால் அவன் நேரம்.
இரண்டும் சமன்.
குறுக்கே பெருக்கி, x எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினேன்,
உள்ளே போங்க, உள்ளே போங்க என்று
சனத்தைத் தள்ளுகிற மாதிரி.
பதினாறு.
அது குருக்கள்மடம்.

ஆனால் குருக்கள்மடத்தில் ஒருநாளும் நாங்கள் சந்தித்ததில்லை.
கிரான்குளத்திலேயே எதிரே வந்துவிடுவான்.
ஒரு கிழமை மண்டையை உடைத்தேன்.
கொப்பியின் ஓரத்தில் அவன் கிறுக்கியிருந்தான்:
"காத்தான்குடியில புடைவை மூட்டை ஏத்துறீங்களே,
அந்த நேரத்த ஆர் கூட்டுற?"
ஆறு நிமிஷம். மணித்தியாலத்தில் பத்தில் ஒன்று.
என் பக்கம் கூட்டினேன். பதின்மூன்று தசம் ஆறு.
கிரான்குளம், அந்தப் பெட்டிக்கடை வாசல்.
சமன்பாட்டுக்குள் புடைவை மூட்டை ஏறிய நாளில்தான்
எனக்குக் கணிதம் பிடித்துப்போனது.

ஒக்டோபரில் ஒருநாள்
கிரான்குளம் வந்தது, அவன் வரவில்லை.
குருக்கள்மடம்.
செட்டிபாளையம், இருபது. களுதாவளை, இருபத்திநாலு.
x ஏறிக்கொண்டே போனது.
மிச்சக் காசை இரண்டு தடவை பிழையாகக் கொடுத்தேன்.
களுவாஞ்சிகுடியில் இறங்க வேண்டிய நேர்ஸ்
பெல்லைத் தானே அடித்துக்கொண்டாள்.
கல்லாற்றில் கண்டேன்: பொனட் திறந்தபடி, ஆவி பறக்க.
வேகம் பூச்சியம்.
பூச்சியத்தால் வகு என்றால்
கணிதமும் கையை விரித்துவிடும்.
டிரைவர் கோணேசண்ணன் பிரேக்கை மிதித்தார்.
எங்கள் தண்ணீர்க் கேன் அவர்கள் றேடியேட்டருக்குப் போனது.

அஸ்மீர் இறங்கி வந்தான்.
இத்தனை மாதமும் மிதிபலகையில் நின்றவனைத்தான் தெரியும்.
தரையில் அவன் என் தோளுக்குக்கூட வரவில்லை.
"நீ இவ்வளவு நெட்டையாடா?" என்றான் அவன்.

ஒன்பது நிமிஷம்.
போகையில் நாற்பது, வருகையில் அறுபது,
சராசரி ஐம்பது என்று நான் எழுதியதை வெட்டி
நாற்பத்தெட்டு போட்டிருந்தான்.
சண்டை பிடித்தேன்.
"மெல்லமாப் போகக்குள்ளதான்டா
கூட நேரம் ரோட்டில கிடக்கிறம்.
அப்ப ஐம்பது எப்படி வரும்?"
பாலத்துக் காற்றில் தாள் அடித்துக்கொண்டது.
இரண்டு பஸ்ஸிலும் சனம் கத்தத் தொடங்கியது.
அவர்கள் கணக்கில் நாங்கள்தான் தெரியாக்கணியம்.

டிசம்பர். மட்டக்களப்பில் சோதனை மண்டபம்.
அதே நேரம் கல்முனையில் அவனும் தாளைத் திருப்பியிருப்பான்.
ஏழாம் வினா:
இரு பஸ்கள் எதிரெதிரே புறப்படுகின்றன.
இடையில் எங்கும் நிற்கவில்லை எனக் கொள்க.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.
x என்க என்று எழுதினேன்.
கொண்டேன்,
நிற்கவில்லை என்று.