வளர்ச்சி இல்லை, காரணம்?

மீன் வைக்கிற ஐஸ்பெட்டியில்தான் வந்து சேர்ந்தது.
முழங்கை நீளச் சுண்ணாம்பு விழுது,
பத்தொன்பது மீட்டர் ஆழத்துக் குகையிலிருந்து.
மூடியில் ஹஃபிஸுடின் எழுதியிருந்தான்:
‘மேல் பக்கம் இது. கவிழ்த்துவிடாதே, கயல்மணி.’
தலைகீழாய்த் தொங்கியே வளர்ந்ததற்கு
எது மேல்?

குளுகோர் ஆய்வுக்கூடம், காலை எட்டு.
வைர வாள் சுழல, தண்ணீர் பீய்ச்ச,
பாலாய் வழிந்தது கல்.
குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாய்:
தே ஓ கறை, அடுத்து வெள்ளை, மறுபடி கறை.
எல்லாம் எப்போதோ பெய்த மழை.
குகைக்குள் காற்று இருந்தால்தான் சொட்டு தொங்கும்,
சொட்டு தொங்கினால்தான் கல் வளரும்.
கடல் புகுந்தால்
கணக்கை மூடிவிடும்.

சொட்டிய காலத்தில் கடல்
இந்த ஜன்னலுக்கு வெளியே இல்லை.
பாலம் வேண்டாம், ஃபெர்ரி வேண்டாம்,
பினாங்கிலிருந்து சுமத்ராவுக்கு
யானை நடந்து போயிருக்கும்,
நடுவில் எங்கோ படுத்துத் தூங்கியும் இருக்கும்.

ஓரிடத்தில் வளையம் அறுகிறது.
நகத்தடிமனில் ஒரு பழுப்புப் பட்டை.
அதைத் தாண்டி, ஒன்றுமே நடக்காததுபோல்,
வெள்ளை வெளேரென்று கல்.
படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
‘வளர்ச்சி இல்லை. காரணம்?’

இந்த வேலைக்கு நேர்முகம் வந்த அன்று
எனக்கும் இதே கேள்விதான்.
ஆறு வருஷம் காலியாய்க் கிடக்கிறதே, ஏன்?
ஜெலுத்தோங் பேருந்தில் மனப்பாடம் செய்த பதில் இருந்தது.
‘குடும்பம்’ என்று மட்டும் வந்தது.
தாளைத் திருப்பினார்கள்.

“உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு எடு,”
என்றான் சியூ பின், பசியாறப் போகிற அவசரத்தில்.
“யுரேனியம் எவ்வளவு தோரியமாச்சு என்று பார்த்தால்
கடல் வந்த தேதி, போன தேதி கிடைத்துவிடும்.
நடுவில் ஒன்றுமில்லை, விடு.”

லென்ஸை இறக்கினேன்.
பட்டை முழுக்கக் குழல்கள்.
வளைந்து, நெளிந்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி,
கடற்புழுக்கள் கட்டிய வீடுகள்.
அவையும் சுண்ணாம்புதான்.
ஒரு குழலின் வாசலில் இன்னொன்று,
அதற்குள் மயிரிழையாய் மூன்றாவது.
இடம் போதாமல்
இடித்துப் பிடித்து இருந்திருக்கிறார்கள்.

இரண்டு புட்டி போதும் என்றார்கள்.
மூன்று நிரப்பினேன்.
நகக்கண்ணில் மாவு காய்ந்து வெளுத்தது.
கட்டத்தில் ‘கடல்’ என்று எழுதினேன்.
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
‘குடியிருப்பு உண்டு.’