ஊதாப் பல்

மொஷோன்மட்யாரோவார்.
இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பார்கள்
எல்லை தாண்டி வரும் ஆஸ்திரியர்கள்.
தெருவுக்கு நாலு பல் மருத்துவர் இங்கே.
எங்கள் கூடம் பேக்கரிக்கு மேல்மாடி.
காலை ஏழுக்கே ரொட்டி வாசமும் பீங்கான் தூளும்
ஒரே மூச்சில் உள்ளே போகும்.

இன்று கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைவாய்ப் பல்.
வால்டெமார் பிஹ்லர், வியன்னா.
சீட்டின் ஓரத்தில் முதலாளி பர்னபாஷின் சிவப்பு மை:
நாலு இருபது ரயில்.

வேக முறையில் ஓடவிட்டேன். பதினான்கு நிமிடம்.
கதவைத் திறந்தால்
ஊதா நிறத்தில் ஒரு பல், நனைந்து, அழகாக;
நாக்குப் பக்க விளிம்பில் மட்டும்
எலி கடித்த மாதிரி ஒரு பிறை.

வைர ஊசியை மாற்றினேன்.
இரண்டாவது கட்டி. அதே இடம், அதே பிறை.
தண்ணீர் வடிகட்டியைக் கழற்றினேன்.
போன வாரத்துப் பற்களெல்லாம்
சேறாக உட்கார்ந்திருந்தன. கழுவினேன்.
மூன்றாவது கட்டி.
பிறை சிறியது. ஆனாலும் பிறை.

"எமொக்கெ, அதைத் தேய்த்துச் சரிக்கட்ட முடியாதா?"
கட்டி ஒன்றின் விலை பர்னபாஷுக்கு மனப்பாடம்.

திரையில் பல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன்.
ஓரம் முடிகிற இடம்
வெங்காயச் சருகாக மெலிந்து கிடந்தது.
அதன்மேல் நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்றுச் சுற்றும் ஒன்றை
ஓட ஓட விரட்டிவிட்டு
உடையாதே என்றால்?

விளிம்புக்கு இரண்டு முடி அளவு சதை கூட்டினேன்.
கட்டியோடு பிடித்து நிற்கும் காம்பைக்
கன்னப் பக்கம் தள்ளி வைத்தேன்.
வேகத்தைக் குறைத்தேன்.
முப்பத்தொன்பது நிமிடம் என்றது திரை.
பர்னபாஷ் எதுவும் சொல்லவில்லை,
கதவைத்தான் கொஞ்சம் பலமாகச் சாத்தினான்.
நான் அதிர்ந்தேன்.
நல்லவேளை, எந்திரம் அதிரவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
எனக்குப் பூமி வேண்டாம்,
சில்லுப் போகாத ஒரு வட்டம் போதும்.

கிடைத்தது.

கூட்டிய சதையை ரப்பர் சக்கரத்தால்
அழுத்தாமல், சூடேற விடாமல்,
தொட்டுத் தொட்டு எடுத்தேன்.
மூச்சு விட்டேனா என்பது நினைவில்லை.
பிறகு உலை, எண்ணூற்று நாற்பது டிகிரி.
எந்த நொடியில் ஊதா போகிறதென்று
இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பார்த்ததில்லை.
கத்தரிப்பூவாக உள்ளே போனது
பல்லாக வெளியே வந்தது.

அதற்குள் நாலு இருபது போய்விட்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கப் படியிறங்கினேன்.
பேக்கரி ஜன்னலோரம் பிஹ்லர்,
பாதி மரத்த உதட்டோடு
கசகசா ரொட்டி ஒன்றை வலப்பக்கமாக
மென்றுகொண்டிருந்தார்.

"நாலு இருபதா?
அது மட்டும் வேண்டாம் என்றல்லவா சொன்னேன்.
பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். காது போய்விடும்."

மேலே பார்த்தேன்.
மாடி ஜன்னலில் பர்னபாஷ்,
இன்னும் கடிகாரத்தைப் பார்த்தபடி.
என் மேலங்கிப் பைக்குள்
மூன்று ஊதாப் பற்கள்
ஒன்றையொன்று உரசிக் கிலுகிலுத்தன.
விலை எனக்கும் மனப்பாடம்தான்.