குளிர்ந்த கால்

கடலை விதைத்த மூன்றாம் இரவே வந்துவிடும்.
சாலில் மூக்கை வைத்தால்
நூல் பிடித்தாற்போல்
ஒரு பருப்பு விடாமல் தின்றுகொண்டே போகும்.
விடிந்து பார்த்தால்
விதைத்த எந்திரமே திரும்பி வந்து
எல்லாவற்றையும் எடுத்துப்போனது போலிருக்கும்.

அதனால்தான் மாப்லி என்னைக் கூப்பிட்டார்,
ஃபிளின்ட் ஆற்றுக்கு மேற்கே, ஜார்ஜியாவின் செம்மண்ணுக்கு.
வாலுக்கு இருபது டாலர்.
பெண்ணா என்று என்னைப் பார்த்தார்,
பிறகு துப்பாக்கியைப் பார்த்தார்,
சரி என்றார்.

துப்பாக்கி பழையது.
விவாகரத்தில் நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள்.
அதன் தொலைநோக்கிக்கு முன்னால்
சோடா டின் அளவில் ஒரு வெப்பக் கண்ணை மாட்டுவேன்.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
அதற்கு நிலவு வேண்டாம், விளக்கு வேண்டாம்.
சூடுள்ளது வெள்ளை,
மற்றதெல்லாம் சாம்பல்.
முயல் ஒரு தீப்பொறி.
பகலெல்லாம் வெயில் குடித்த தண்ணீர்த் தொட்டி
நள்ளிரவு தாண்டியும் மங்கலாய் எரியும்.
கண்ணாடியைத் தாண்டி மட்டும் அதற்குப் பார்வை இல்லை:
ட்ரக்கின் சன்னலை மூடிவிட்டுப் பார்த்தால்
நானே தெரிவேன்,
முகமில்லாத ஒரு வெளிச்சமாக.

மாப்லி கூண்டும் வைத்திருந்தார்.
புளித்த மக்காச்சோளம், தானாக விழும் கதவு.
நான்கு நாளாய்க் கதவு விழுகிறது,
விடிந்தால் திறந்து கிடக்கிறது.
உள்ளே குளம்படியும் சாணமும்.
பன்றிக்குக் கொக்கி கழற்றத் தெரியாது.
"யாரென்று பார்" என்றார்.
"பார்த்தால் மட்டும் போதுமா?"
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு பத்துக்கு
கூண்டுக்குள் ஒரு தாய், ஏழு குட்டிகள்,
ஊதிவிட்ட கங்குகள் போல.
ஓடைப்பக்கமிருந்து ஓர் ஆள் வந்தான்.
வலது கால் இடுப்புவரை வெள்ளை.
இடது முழங்காலோடு முடிந்தது,
அதற்குக் கீழே வயல்தான் இருந்தது.
வயலை ஊன்றி நடந்து வந்தான்.

எல்ராய் ஸ்டக்கி.
பருத்தி எந்திரம் தின்ற கால் அது.
அன்று எந்திரத்தை ஓட்டியவர் மாப்லி.
ஊரில் அதை யாரும் பேசுவதில்லை.

அப்போதுதான் உறைத்தது,
இந்தக் கண்ணில்
பார்ப்பதும் குறிபார்ப்பதும் ஒன்று.
அவர் நெஞ்சின் மேல் என் சிலுவைக்கோடு
எவ்வளவு நேரமாய் நின்றிருந்ததோ.
விரலை வெளியே எடுத்தேன்.
குழாயை மண்ணுக்குத் தாழ்த்துவதற்குள்
கருவி டிக்கென்று இமைத்தது.
சில நிமிடத்துக்கு ஒருமுறை
கண்ணை மூடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அது.
அந்த ஒரு நொடி படம் உறைந்தது:
கதவைப் பிடித்தபடி ஒரு மனிதர்,
வாசலில் பாதி வெளியே வந்த குட்டி.

மீண்டும் பார்க்கத் துணிந்தபோது
ஆள் இல்லை.
இரும்புக் கதவில்
இரண்டு உள்ளங்கைகள் மட்டும் வெள்ளையாய் ஒட்டியிருந்தன,
பத்து விரலோடு.
பார்க்கப் பார்க்கச் சுண்டு விரல்கள் முதலில் போயின.

அவர் திறந்துவிட்டவை நேரே கடலைக்குத்தான் வந்தன.
மூன்று மணிக்கு இரண்டைச் சுட்டேன்.
கூலி அதற்குத்தான்.
நாலு மணிவாக்கில் பனி இறங்கும்போது
இரண்டும் வெள்ளை இழந்து,
ஸ்டக்கியின் காலைப் போல
வயலின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.

"யார்?" என்றார் மாப்லி, டீசல் பம்பருகே.
"மூடுபனி. பனி விழுந்தால் இதுவும் குருடு."
பனி விழுந்தது உண்மை.
அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார்.
வால்களை எண்ணினார், இரண்டை எண்ண எவ்வளவு நேரம்.
"நாளைக்குப் பனி இருக்காதாம்" என்றார்.

இரண்டு இருபது டாலர் தாள்கள்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
அவர் கையின் சூடு
இன்னும் அவற்றில் இருந்தது.