வரவு, செலவு

பின்லாந்து, கயானி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
டிசம்பர். பத்து மணிக்குத்தான் விடிந்தது.
பன்னிரண்டாம் கட்டில் தைஸ்தோ கெம்பைனனின்
தாளில் இரண்டே பத்திகள்.

வரவில் எழுதுகிறேன்:
தண்ணீர், மாத்திரைக்கு ஒரு மடக்கு.
காப்பி, நூற்றைம்பது மில்லி.
காப்பி, நூற்றைம்பது.
மறுபடியும் காப்பி.

தலைமைச் செவிலி ரைலி
காப்பியையெல்லாம் அடித்துவிட்டாள்:
"குடித்த தண்ணீரையும் அது
கூட்டிக்கொண்டு போய்விடும்."
புது மருத்துவர் அடித்ததை அடித்தார்:
"போவது கொஞ்சம். எழுது."
தாளில் இப்போது
எண்ணைவிட மைதான் அதிகம்.

தைஸ்தோ முப்பது வருடம்
ஆற்றில் மரம் மிதக்கவிட்டவர்.
"நூறு கட்டை விடுவோம்," என்றார்,
"பிர்ச் என்றால் நாலைந்து மூழ்கும்.
மூழ்கினதற்காக
ஆலைக்கு வந்ததை எண்ணாமல் விடுவானா?"
சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

செலவுக்கு,
பையைத் தூக்கி விளக்கொளியில் பிடித்தேன்.
அறுநூற்று நாற்பது.
வைக்கோல் நிறம்.
எது குழாயிலிருந்து வந்தது, எது கெண்டியிலிருந்து,
அதனிடம் கேட்க முடியாது.

மூன்று மணிக்கு மறுபடி இருட்டு.
சட்டை மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தேன்:
உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம்.
விடிவதற்கு முன்னிருந்தே காப்பிதானே குடிக்கிறேன்,
அப்படியானால் ரைலி சொன்னதுதான் சரியோ
என்று திரும்பினால்

செவிலியர் அறை ஜன்னலோரம்
என் பெயர் ஒட்டிய நாலு கோப்பைகள்.
நாலும் நிறைய.
மேலே ஆடை கட்டி, சில்லென்று.
மணி அடித்த கட்டிலுக்கு ஓடும்போதெல்லாம்
வைத்துவிட்டுப் போனவை.