ஒன்று குறைவு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில்
தில்லை மரத்தில் கட்டிய பெட்டி
பத்து நிமிஷத்துக்கொருதரம் காது திறக்கும்.
உள்ளான், ஆள்காட்டி, வக்கா
எண்ணித்தர எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டாம் தேதி, இரவு 2.40.
துடுப்பு நின்றது.
ஒரு பெண்
குழுக்கடன் பாக்கியை
வாரம் வாரமாகச் சொல்லி அழுகிறாள்,
நடுவில் மூக்கைச் சிந்திக்கொள்கிறாள்.
வீட்டில் இதற்கு இடமில்லை போல.

மென்பொருள் குறித்தது:
‘இனம் தெரியவில்லை’.

எனக்குத் தெரிந்தது.
நேற்று இறால் விற்றவள்,
சில்லறை இல்லையென்று சிரித்தவள்.

அழித்தால்
அவள் பின்னால் கத்திய வக்காவும் போகும்.
அழித்தேன்.

“என்ன வேலை பாக்குறீங்க?”
தராசைத் தூக்கியபடி இன்று கேட்டாள்.
“பறவை எண்ணுறேன்.”
“கோரையாத்துப் பக்கம் வக்கா எத்தனை?”

ஒன்று குறைத்துச் சொன்னேன்.