படத்தை மறைத்த விரல்

முழுப் பாடத்தையும் ஒரே இழுப்பில் சொல்வான் ஷெர்ஜின்.
திருப்பவேண்டிய இடத்தில் பக்கம் திருப்புவான்.
கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள்:
பிள்ளை நல்லா வாசிக்கான்.
நானும் நம்பிக்கொண்டிருந்தேன்,
ஆடி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போகும்வரை.

விளக்கு அணைந்தது.
அவன் நிறுத்தவில்லை.
இருட்டில் பக்கம் புரளும் சத்தம்,
இருட்டில் 'அணில் மரத்தில் ஏறியது',
இருட்டில் முற்றுப்புள்ளிக்கு ஒரு மூச்சு.

தீப்பெட்டி தேட எனக்கு நேரமாயிற்று.

மெழுகுவத்தியைச் சரித்துப் பிடித்து
படத்தின்மேல் என் கட்டைவிரலை வைத்தேன்.
பதினொரு வருசம் அண்டியாபீசில்
அண்டி உடைத்த விரல்,
எந்தச் சோப்புக்கும் அடங்காத கறுப்பு.
கீழே இரண்டே எழுத்து.
இது என்ன மக்களே?
விரலைத் தள்ளப் பார்த்தான்.
எடுத்துக் கொடுத்தேன்.
'சக்கை!' என்றான், ஜெயித்த முகத்தோடு.

அச்சில் இருந்தது
பலா.

யாரைக் குற்றம் சொல்ல?
எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பது சக்கை மரம்தான்.
பலா என்று கூப்பிட்டால் அது திரும்பிப் பாராது.
நாங்கள் தின்பது மரச்சீனி, புத்தகம் தின்பது மரவள்ளி.
அன்னாசி எங்களுக்குக் கைதைச்சக்கை.
இத்தனை நாளும் பிள்ளை படத்தை வாசித்திருக்கிறான்.
எழுத்தெல்லாம் அதன் அடியில் ஊர்ந்த எறும்பு.

பெல்சி டீச்சருக்கு நாற்பது பிள்ளைகள்.
எனக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம்:
'வீட்டுல பேசுற வார்த்தையில தொடங்குங்க.
படம் வேண்டாம்.'

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்.
சக்கை.
விரல் வைத்துச் சொன்னான்: ச. க. கை.
சககை.
அப்படி ஒரு பண்டம் உலகத்தில் இல்லை
என்பது அவனுக்கே தெரிந்தது.
தலையில புள்ளி இருந்தா
மூச்சைப் பிடிக்கணும் மக்களே.
குளத்தில் முங்கப் போகிறவன்போல் கன்னம் உப்பிப் பிடித்தான்.
சக்
கை.
பின்வாசல் வழியே மரத்தைப் பார்த்தான்.
தாளைப் பார்த்தான்.
மறுபடியும் மரத்தை.

சில ராத்திரி எட்டுத் தாள்.
சில ராத்திரி ஒன்றுமில்லை,
எனக்கு முதுகு, அவனுக்கு உறக்கம்.
ஒருநாள் 'ழ'வுக்காக அடித்துவிட்டேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
இரண்டு நாள் அவன் எந்தத் தாளையும் தொடவில்லை.
மூன்றாம் நாள், எனக்கே வாசிப்பதுபோல்,
'மரச்சினி' என்றேன்.
'நீட்டணும்'
என்றது பாய்க்குள்ளிருந்து ஒரு குரல்.

இன்று காலை பள்ளியாடி ஸ்டாப்.
எட்டு பத்து பஸ்.
தவறவிட்டால் ஆபீஸ் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.
படியில் ஒரு கால் வைத்துவிட்டேன்.
யூனிபார்மோடு ரோட்டில் நின்று
பஸ்ஸின் நெற்றியை அண்ணாந்து பார்க்கிறான்.

மா

அது மார்த்தாண்டம் போகும் பஸ் என்று
மூன்று வயதிலேயே அவனுக்குத் தெரியும்.
தெரிந்ததைச் சொல்லாமல் நிற்கிறான்.

ர்
மூச்சைப் பிடித்தான்.
த்
விட மறந்து மறுபடி பிடித்தான்.
'எம்மா, ரெண்டு புள்ளி அடுத்தடுத்து!'

விசில் கண்டக்டரின் பல்லில் இருக்கிறது.
'ஏறுதியளா இல்லையா?'

காலைக் கீழே எடுத்தேன்.

'தா'வில் பஸ் நகர்ந்தது.
பின்கண்ணாடியிலும் அதே பேர் இருந்ததால்
பையைக் குலுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்,
ண், ட,
ரப்பர் தோட்டத்து வளைவில் பஸ் மறைய
உதட்டை மூடி நின்றான்,
நெஞ்சு விம்ம, வெகுநேரம்,
ம்.

அரைநாள் சம்பளம் போயிற்று.
புகையும் போய் ரோடு தெளிந்தபின் வந்து
என் விரலைப் பிடித்துக்கொண்டான்.
'அடுத்த பஸ்சுல என்ன போர்டு இருக்கும்?'

எனக்குத் தெரியும்.
தெரியாது என்று சொன்னேன்.