பதினெட்டு நிமிடம்

ஜனவரி முழுக்க
என் சன்னலுக்குக் கீழே ஒரு கார் நிற்கிறது.
நிற்கிறது என்றா சொன்னேன்?
உறுமுகிறது.
சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கி விடிய விடிய,
யாரும் ஏறாமல், எங்கும் போகாமல்.

வலப்பக்க ஸ்டியரிங் வைத்த பழைய டொயோட்டா.
பானெட்டுக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறார்
மூன்றாம் மாடி கெஸ்கில்.
கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டியிருக்கிறார்.
பிள்ளைக்குக்கூட இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்வாரா,
தெரியாது. பிள்ளை இல்லை அவருக்கு.

எனக்கு இருக்கிறாள். குன்னெய். ஆறு வயது.
எங்கள் கட்டடம் தூண்கள்மேல் நிற்கிறது,
உறைந்த மண் எங்கள் சூட்டில் இளகிவிடக் கூடாதென்று.
மண்ணுக்குக் காட்டிய கரிசனத்தில் கொஞ்சம்
கீழ்த்தளத்தில் மூச்சு விடுகிறவர்களுக்கும் காட்டியிருக்கலாம்.
யாகூத்ஸ்கில் ஐம்பது டிகிரிக்குக் கீழே போய்விட்டால்
புகை மேலே போகாது.
எழுந்திருக்க மனசில்லாத விருந்தாளி மாதிரி
சன்னல் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும்.
எதிர்க்கடையின் பச்சை விளக்கு
டிசம்பரிலிருந்து வெறும் கறை.

படிக்கட்டில் நிறுத்தி ஒருமுறை கேட்டேன்.
"அணைத்தால் ஏப்ரலில்தான் எழும்பும்" என்றார்.
"பெட்ரோல் காசு?"
"பாதிச் சம்பளம்."
"கராஜ் எடுக்கலாமே?"
"மீதிச் சம்பளம்."
சிரித்தார்.
எனக்கும் வந்துவிடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.
"குழந்தை இருமுகிறாள்."
அவர் தன் கையுறையைப் பார்த்தார்.

ஊர்க்கோடிக் கொதிகலன் நிலையத்தில் அவருக்கு வேலை.
நாலரைக்குக் கிளம்ப வேண்டும், அந்நேரம் பஸ் கிடையாது.
என் ரேடியேட்டரில் ஓடும் வெந்நீர்
அவர் திருகும் வால்வைத் தாண்டித்தான் வருகிறது.
இதை யாரும் சொல்லிக்காட்டவில்லை,
நானாக நினைத்துக்கொண்டேன்.
நினைத்ததால் கோபம் குறையவில்லை.
வைக்க இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

நேற்றிரவு எதுவோ என்னை எழுப்பியது.
மணி இரண்டு ஐந்து.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது,
உறுமல் நின்றிருந்தது.
திரையை விலக்கினேன்.
போர்வை இருந்தது, கார் இருந்தது,
பின்பக்கத்து வெள்ளைப் புகைத்தூண் மட்டும் இல்லை.
பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

கையைக் காலை நீட்டிப் படுத்தேன்.
எத்தனை நாளாயிற்று!
ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது,
குன்னெயின் மூக்கு லேசாக விசிலடிப்பது கேட்டது.
எஞ்சினுக்குள் எண்ணெய் இப்போது தேனாகியிருக்கும்
என்று தோன்றியது.
திரும்பிப் படுத்தேன்.
இப்போது மெழுகு.
எனக்கென்ன, அணைத்தது நானா?
இன்னும் கொஞ்சம் போனால் கல்.
கல்லானால் அவர் நடப்பார்,
ஐம்பத்தொரு டிகிரியில் ஆறு கிலோமீட்டர்.
நடக்கிற ஆள்தான்.

இரண்டு இருபத்து மூன்றுக்கு
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிப் போய்
மூன்றாம் மாடிக் கதவை உள்ளங்கையால் அடித்தேன்.

சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.
"நின்று எவ்வளவு நேரமாச்சு?"
"இப்போதுதான்" என்றேன்.

கேனை அவர் சாய்த்தார், புனலை நான் பிடித்தேன்.
இமைகளில் பனி கோத்தது.
சாவியைத் திருப்பினார், இருமல்.
மறுபடி, இருமல்.
மூன்றாவதில்
தூக்கம் கெட்டவன் திட்டிக்கொண்டே எழுவதுபோல
எழுந்தது.
"நல்லவேளை, உடனே பார்த்தீர்கள்" என்றார்.
புனல் என் கையுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
அதைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

உள்ளே வந்து
சன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தேன்,
பத்து நிமிடத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.
குன்னெய் புரண்டு படுத்தாள்.
இருமினாள்.
நாலரை வரைக்கும்
நானும் காரும்தான் விழித்திருந்தோம்.